நண்டுக்கறிக்கு மோசல் வைன்

ஏவன்டேல், ஒக்லண்ட்
10 மார்ச் 2024

அன்பான பேர்ணடெட் அக்காவுக்கு,

மடு மாதாவின் துணையால் நான் சுகம். உங்களுடைய முழங்கால் நோ எப்படி? அந்தத் திராட்சைச் சரிவில் ஏறி இறங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வட்சப்பில் பெருவிரல் படத்தை மட்டும் அனுப்புகிறேன் என்று கோபிக்கிறீர்கள். வேலை நேரத்தில் எங்கள் எல்லாருடைய போனையும் முதலாளி மகேசன் அண்ணை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார். போன் திறக்கிற இலக்கமும் அவருக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். பதிலை இந்த வீட்டு விலாசத்துக்கே போடுங்கள், கடைக்கு வேண்டாம்.

விசயம் இதுதான். லின்ஃபீல்டில் இருக்கிற எங்கள் சாப்பாட்டுக் கடையில் அண்ணை ஒரு பெரிய விருந்து வைக்கப்போகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் மன்னார்க் கடல் சாப்பாடு, அதோடு ஜேர்மன் வெள்ளை வைன். வெள்ளைக்காரர்தான் கூட வருவார்களாம். "டேய், உன்ர கொக்கா வைன் தோட்டத்திலதானே நிக்கிறா? எந்தக் கறிக்கு எந்த வைன் எண்டு கேட்டு எழுது" என்றார். எனக்கு வைன் என்றால் பூசையில் சுவாமியார் குடிக்கிறது மட்டும்தான் தெரியும். கேட்டு எழுதுங்கள்.

எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்காதீர்கள். கையில் கொஞ்சம் எண்ணெய் தெறித்துவிட்டது. அண்ணைதான் எனக்கு விசா எடுத்துத் தந்தவர். அவருக்கு இது நல்லபடி அமைய வேண்டும்.

உங்கள் தம்பி
டெஸ்மன்

*

மோசல் கரை, ஜேர்மனி
4 ஏப்ரல் 2024

என் தம்பி டெஸ்மனுக்கு,

உயிர்த்த யேசுவின் சமாதானம் உனக்கு. முழங்கால் தன்பாட்டில் நோகிறது, நான் என்பாட்டில் ஏறுகிறேன். இங்கே கொடிகளை வளைத்துக் கட்டுகிற காலம்.

நீ கேட்ட கேள்வியை ஹில்டே அம்மாவிடம் சொன்னேன். தோட்டக்காரி அவதான். எழுபது வயதில் என்னைவிட வேகமாகச் சரிவில் இறங்குவா. கேட்டதும் நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் போன வருடத்து ரீஸ்லிங் வைனை எனக்கு ஊற்றித் தந்தா. அது போத்தலில் அடைத்து இரண்டு கிழமை. பச்சை அப்பிளைக் கடித்தது மாதிரி முதலில் பல் கூசும், பிறகு தேசிக்காய்த் தோலின் வாசம், கடைசியில் மழையில் நனைந்த கல்லின் மணம். இந்த மலை முழுவதும் கறுப்புச் சிலேற்றுக் கல். கல் பகலில் சூட்டைக் குடித்து வைத்திருந்து இரவில் வேருக்குக் கொடுக்குமாம்.

உறைப்புச் சாப்பாட்டுக்கு மதுச்சத்துக் கூடின வைன் கொடுக்காதே. நாக்கு எரியும். சத்துக் குறைந்து, கொஞ்சம் இனிப்புத் தங்கினதுதான் மிளகாயை அடக்கும். இனிப்பே இல்லாததை மட்டி, பொரித்த மீன் இவற்றுக்கு வை. தேங்காய்ப்பாலுக்கு அரை இனிப்பு. பிந்திப் பறித்த திராட்சையின் வைனை நண்டுக்கறிக்கு வைத்துக்கொள். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு இதைக் கொண்டுபோகாதே, தோற்றுப்போகும். முக்கியமாக, எல்லாம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடேறினால் சீனித்தண்ணீர்தான்.

இனி என் கேள்வி. எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாகத்தான் படும். எழுத முடியாத அளவுக்கு எப்படிப் பட்டது? உன் கடிதத்தை நீ இடக்கையால் எழுதியிருக்கிறாய். உனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவள் நான்.

அன்போடு
அக்கா

*

ஏவன்டேல்
12 மே 2024

அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஞாயிறு காலையில் ஏவன்டேல் சந்தையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும், ஆனால் ஞாயிறு எனக்கு லீவு இல்லை.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அண்ணைக்குச் சரியான சந்தோசம். பச்சை மட்டியை மிளகும் தேசிக்காயும் போட்டு அவித்து முதலில் கொடுப்போம். இந்த நாட்டு மட்டி உள்ளங்கை அளவு இருக்கும். பிறகு ஸ்னாப்பர் மீனைப் பொரித்துப் பால்சொதியோடு. கடைசியில் நண்டு. ஆட்டிறைச்சியும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "அக்கா வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறா அண்ணை" என்றேன். தாச்சிச் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார். என்மேல் இல்லை, சுவரில்தான். பிறகு தானே வந்து "சரியடா, ஆடு வேண்டாம்" என்று தோளில் தட்டினார். கோபக்காரர், ஆனால் மனதில் ஒன்றும் வைத்திருக்கமாட்டார்.

கடையில் மேசை பார்க்கிற ஜனுஷா என்ற பிள்ளை உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "உங்கட அக்கா கதைக்கிறதைக் கேக்கவே பசிக்குது" என்றாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மங்கரேயில் மாமா வீட்டில் இருக்கிறாள். மாமாவுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை.

வைனை எப்போது அனுப்புவீர்கள்? இங்குள்ள இறக்குமதிக்காரரோடு அண்ணை கதைத்துவிட்டார்.

உங்கள்
டெஸ்மன்

*

மோசல் கரை
6 யூன் 2024

தம்பிக்கு,

திராட்சை பூத்திருக்கிறது. பூ என்று கண்ணுக்குத் தெரியாது. வாசம் மட்டும்தான். உன் சுகத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். நீ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறாய்.

வைன் கப்பலில் ஏறிவிட்டது. மூன்று வகையும் வேறு வேறு பெட்டி. பெட்டிகளின்மேல் என் கையாலேயே தமிழில் மட்டி, மீன், நண்டு என்று எழுதியிருக்கிறேன். ஹில்டே அம்மா சிரித்தா. தன் வைன் இந்த எழுத்தோடு போவது இதுதான் முதல்தடவையாம்.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். சுவரில்தான் எறிந்தார் என்று எழுதியிருக்கிறாய். கையைப் பற்றி ஒரு வரி இல்லை. தம்பி, நான் இங்கே வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரித்தேன். மேற்பார்வைக்காரி கதவை அடித்துச் சாத்துவாள், பேசுவாள். பொறுத்தேன். வதிவிடக் கடதாசி கையில் வந்தபிறகு ஒரு நாள்கூட நிற்கவில்லை. நீயும் வதிவிட உரிமை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறு. அதன்பிறகு அந்த ஊர் முழுக்க உனக்குச் சமைக்கக் குசினி இருக்கும்.

ஆனால் பேச்சு வேறு, அடி வேறு. அவன் உனக்கு அடிக்கிறானா? ஒரு சொல்லில் பதில் எழுது.

அக்கா

*

ஏவன்டேல்
1 செப்டெம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

இல்லை.

இவ்வளவு நாளும் எழுதாததற்கு மன்னியுங்கள். ஆடி மாதத்தில் மீன் குளிரவைக்கிற கூல்ரூமில் வழுக்கி விழுந்து விலா எலும்பில் அடிபட்டது. குனிந்து எழுத முடியவில்லை. இப்போது இருமினால் மட்டும்தான் நோ.

வைன் வந்துவிட்டது. உங்கள் எழுத்தைப் பெட்டியில் கண்டதும் எனக்கு என்னவோ செய்தது. அண்ணை வெளியில் போயிருந்த ஒரு மத்தியானம் நானும் ஜனுஷாவும் நண்டு என்று எழுதிய பெட்டியில் ஒரு போத்தலைத் திறந்தோம். நண்டுக்கறி காலையிலேயே வைத்திருந்தேன். முருங்கையிலை போட்டு, அம்மா வைக்கிற மாதிரி. முதலில் கறி, உதடு எரிய எரிய. பிறகு வைன். அக்கா, எரிவு அப்படியே நின்றது. அணைந்தது என்று சொல்லமாட்டேன். எரிந்த இடத்தில் யாரோ குளிர்ந்த கையை வைத்தது மாதிரி. பிறகு நண்டின் இனிப்பு தனியாகத் தெரிந்தது. இருபது வருடமாக நண்டு சமைக்கிறேன், அதற்குள் இப்படி ஒரு இனிப்பு இருப்பதை நான் கண்டதில்லை. ஜனுஷா நண்டுக் கோதை உறிஞ்சிக்கொண்டே அழுதாள். ஏன் என்று கேட்டேன். "உறைப்பு" என்றாள்.

விருந்து ஒக்டோபர் பதின்மூன்றாம் திகதி. செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னபடி பொறுமையாக இருக்கிறேன்.

உங்கள்
டெஸ்மன்

*

மங்கரே, ஒக்லண்ட்
8 செப்டெம்பர் 2024

மதிப்புக்குரிய பேர்ணடெட் அக்காவுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என்னை நீங்கள் கண்டதில்லை. வைன் பெட்டியில் இருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுகிறேன். டெஸ்மன் அண்ணாவுக்குத் தெரியாது.

அவர் உங்களுக்குப் பொய் எழுதுகிறார். மாசியில் அப்பம் கருகிவிட்டது என்று மகேசன் அவருடைய வலக்கையைப் பிடித்துச் அடுப்பின் சூடான இரும்புத் தட்டில் வைத்து அழுத்தினார். சட்டியில் மீன் வைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டெஸ்மன் அண்ணா கத்தவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரும் அசையவில்லை. நானும் அசையவில்லை.

ஆடியில் வழுக்கி விழவில்லை. கூல்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு உதைத்தார். வெளியில் வந்தபோது மகேசனின் சப்பாத்தில் தயிர் பட்டிருந்தது. அதைத் துடைக்கச் சொன்னதும் டெஸ்மன் அண்ணாவைத்தான். "விசா என்ர கையில கிடக்கு. ஒரு ஈமெயில் போட்டனெண்டால் நீ மன்னாரில கருவாடு காயவைக்கலாம்" என்றார்.

இப்படி அகப்பட்டவர்களுக்கு இங்கே வேறு விசா கொடுக்கிறார்கள். முதலாளியை விட்டு வந்து முறைப்பாடு செய்தால் போதும். மாமா விசாரித்துவிட்டார், எங்கள் வீட்டில் அறையும் இருக்கிறது. பலமுறை சொல்லிவிட்டேன். "அக்கா பொறுக்கச் சொன்னவ" என்கிறார். நான் சொல்வதை அவர் நம்பப்போவதில்லை. உங்கள் கையெழுத்தில் வந்தால் நம்புவார். எழுதுங்கள்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எனக்கு வதிவிட உரிமை இருக்கிறது. என்மேல் கை வைக்கமாட்டார்.

பணிவுடன்
ஜனுஷா

*

மோசல் கரை
1 ஒக்டோபர் 2024

டெஸ்மன்,

சுகம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை. ஜனுஷா எல்லாம் எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே.

போன் எடுத்தேன். மகேசன்தான் கதைத்தான். "டெஸ்மன் வேலையில நிக்கிறான் அக்கா. நல்லாயிருக்கிறான், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றான். எவ்வளவு மரியாதையான குரல். பிறகு உனக்கு வட்சப்பில் எழுதினேன். பெருவிரல் வந்தது. அது உன்னுடையதா அவனுடையதா என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொறு என்று நான் எழுதியதை விடு. அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. இதைக் கண்டதும் உடுப்பை எடுத்துக்கொண்டு ஜனுஷாவின் மாமா வீட்டுக்குப் போ. விருந்தும் வேண்டாம், வைனும் வேண்டாம், விசாவும் வேண்டாம். மன்னாரில் கருவாடு காயவைத்தாலும் நீ முழுக் கையோடு காயவை.

அறுவடை நடக்கிறது. குலை வெட்டும்போது இரண்டு தரம் விரலை வெட்டிக்கொண்டேன். தபாலில் விசேட கட்டணம் கட்டி அனுப்புகிறேன்.

போ, தம்பி. உடனே போ.

அக்கா

*

ஒக்லண்ட்
20 ஒக்டோபர் 2024

அன்பான அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அறுவடை நல்லபடி முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விருந்து நடந்தது. மண்டபம் நிறைந்த ஆட்கள். பச்சை மட்டிக்கு நீங்கள் சொன்ன இனிப்பில்லாத வைன் மிகப் பொருத்தம். ஒரு வெள்ளைக்கார அம்மா குசினி வாசலுக்கே வந்து, கடலைக் குடித்தது மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினா. மீனும் சொதியும் எடுபட்டன. நண்டுக்கு வந்தபோது வைன் சூடேறியிருந்தது. கடைசிப் பெட்டிகளைக் கூல்ரூமில் வைக்காமல் வெய்யில் படுகிற யன்னலுக்குக் கீழே அடுக்கிவிட்டார்கள். பியருக்கு இடம் வேண்டுமாம். அதனால் நண்டு நான் நினைத்தபடி வரவில்லை. இனிப்பும் உறைப்பும் தனித்தனியே நின்றன. அது எனக்கு மனவருத்தம்.

இனிமேல் கடிதங்களை இந்த உறையின் பின்பக்கம் இருக்கிற புது விலாசத்துக்குப் போடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் இலக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் என்னிடம் வராது. உறையை அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். அதனால் யோசித்து எழுதுங்கள்.

இங்கே சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள்.

உங்கள்
டெஸ்மன்

*

மங்கரே
3 நவம்பர் 2024

பேர்ணடெட் அக்காவுக்கு,

டெஸ்மன் அண்ணா சிறையிலிருந்து உங்களுக்கு விருந்தைப் பற்றி எழுதினாராம். நடந்ததை எழுதமாட்டார் என்று தெரியும். போனில் சொல்லத் தொடங்கினால் நான் அழுது, நீங்கள் அழுது ஒன்றும் விளங்காது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் திடமாக இருக்க வேண்டும்.

நண்டு போகும்போது ஒரு மேசையில் வைன் சூடாக இருக்கிறது என்றார்கள். "மன்னிக்கோணும், வெளியில வைச்சிட்டினம்" என்று உள்ளதைச் சொன்னேன். மகேசன் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு. என் முழங்கையைப் பிடித்து, "வா பிள்ளை, குளிர்ந்தது எடுப்பம்" என்று கூல்ரூமுக்குக் கூட்டிப்போனார். கதவு சாத்தியதும் பின்னலைப் பிடித்து இழுத்து முகத்தைச் சாமான் அடுக்குகிற இரும்புத் தட்டில் அடித்தார். ஒரு தரமல்ல. "ஆருக்கடி வெளியில எண்டு சொன்னனீ? ஆருக்கு?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. என் முன்பல் இரண்டு பாற்பெட்டிக்குள் விழுந்தன. கத்தினேன். வெளியில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

டெஸ்மன் அண்ணா கதவைத் திறந்தார். "அண்ணை, விடுங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "நீ போய் நண்டைப் பாரடா நாயே" என்று சொல்லி, மகேசன் என் கழுத்தைப் பிடித்தார். எனக்கு மூச்சு நின்றது. அப்போது தட்டில் இருந்த வைன் போத்தலை எடுத்து டெஸ்மன் அண்ணா மகேசனின் தலையில் அடித்தார். ஒரே ஒரு அடி. போத்தல் உடைந்தது, மகேசன் அந்தக் கண்ணாடிமேல் குப்புற விழுந்தார். இடது கண் போய்விட்டது. நான் கண்ணால் கண்டேன். பொலிசுக்கும் இதைத்தான் சொன்னேன். கோட்டில் வழக்கு நடக்கும்போதும் இதைத்தான் சொல்வேன். அந்தாள் வேறு கதை சொல்கிறார், ஆனால் உள்ளே கமரா இல்லை. நாங்கள் இருவர் சொல்வது ஒன்றாக இருக்கும்வரை பயமில்லை என்கிறார் சட்டத்தரணி.

உங்கள் ஒக்டோபர் கடிதம் விருந்துக்கு அடுத்த நாள் அவருடைய வீட்டுக்கு வந்தது. நான் வாங்கி, பார்க்கப் போனபோது அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனுஷா

*

ஒக்லண்ட்
9 பெப்ரவரி 2025

அன்பான அக்காவுக்கு,

பாலன் பிறப்புக்கு நீங்கள் போட்ட நத்தார்க் கடிதம் கிடைத்தது. ஹில்டே அம்மாவுக்குத் தடிமனும் காய்ச்சலும் என்று எழுதியிருந்தீர்கள், மாறிவிட்டதா? நான் சுகம்.

அந்தக் கடிதத்தில், "ஒரு பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற ஒரு அடி அடித்தாய், அதில் பாவம் இல்லை, சட்டத்தரணி சொல்கிறபடி சொல், மாதா உன்னை வெளியே கொண்டுவருவா" என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபிறகு எனக்கு நித்திரை இல்லை. இதை இங்கே வருகிற சுவாமியாரிடம் கொடுத்து அனுப்புகிறேன், யாரும் பிரிக்கமாட்டார்கள்.

அக்கா, ஒரு அடி இல்லை.

முதல் அடியில் அவர் ஜனுஷாவை விட்டுவிட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். போத்தல் உடையவில்லை. அத்தோடு முடிந்தது. ஜனுஷா மூச்செடுத்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. நான் போயிருக்கலாம். இரண்டாம் தரமும் அடித்தேன். மல்லாக்க விழுந்தார். அப்போதும் உடையவில்லை. அவர் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி, "டெஸ்மன், காணும்" என்றார். டேய் என்று சொல்லவில்லை, நாயே என்று சொல்லவில்லை. இவ்வளவு காலத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான். அந்தக் கைகளுக்கு நடுவால் முகத்தில் அடித்தேன். அதில்தான் உடைந்தது.

எனக்குக் கண் தெரியாமல் கோபம் வந்தது என்று சொன்னால் சுகமாக இருக்கும். அப்படி இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தயிர் வாளி, தட்டில் இருந்த கொத்தமல்லிக் கட்டு, அவருடைய கடைவாய்த் தங்கப்பல். சந்தோசமாக இருந்தது, அக்கா. என் கை அடுப்புத் தட்டில் வெந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. நாலாம் தரமும் ஓங்கினேன். கையில் போத்தலின் கழுத்துத்துண்டு மட்டும் இருந்தது. ஜனுஷா என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள். வேதப்புத்தகத்தில் கை வைத்தும் சொல்வாள். உடைந்த பல்லோடு அவள் அங்கே நின்று பொய் சொல்ல, நான் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் தண்டனை கூடும், பிறகு நாட்டைவிட்டு அனுப்புவார்கள். சட்டத்தரணி அதை விளக்கமாகச் சொல்லிவிட்டார். உங்கள் சொல் கேட்டுத்தான் எப்போதும் நடந்திருக்கிறேன். இதில் என்ன செய்ய?

உங்கள்
டெஸ்மன்

*

மோசல் கரை
14 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

சிலுவைப்பாதை முடிந்து வந்து எழுதுகிறேன். நான் சுகம். ஹில்டே அம்மாவும் எழும்பிவிட்டா. பதிலுக்கு நீ காத்திருந்திருப்பாய். எழுதினேன், கிழித்தேன். கிழித்தவை எல்லாவற்றிலும் நத்தாருக்கு எழுதிய அதே வசனம்தான் இருந்தது. அது என்னவென்று உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை வாசித்த அன்று நிலவறைக்குப் போனேன். அதே வைன், அதே நீளப் போத்தல். ஒன்றை எடுத்துக் கழுத்தைப் பிடித்துச் சுவர்க் கல்லில் அடித்தேன். உடையவில்லை. கை தோள்வரை விறைத்தது. மறுபடியும் அடித்தேன். மூன்றாவதுக்கு என் முழுப் பலமும் வேண்டியிருந்தது. முன்னால் இருந்தது கல் என்று நினைத்து அடிக்க முடியவில்லை. அந்த மனிதனின் முகத்தை நினைத்தேன், அப்போதுதான் உடைந்தது. உடைந்ததும், நீ எழுதிய அந்தச் சந்தோசம் எனக்கும் வந்தது, தம்பி. வைன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஹில்டே அம்மா ஓடிவந்து விளக்குமாற்றை எடுத்தா.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. பொறு என்று ஒருதரம் எழுதினேன், போ என்று ஒருதரம் எழுதினேன். இரண்டும் தவறின நேரத்தில் வந்து சேர்ந்தன. இந்த முறை நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீ எதைச் சொன்னாலும் உனக்கு நான் அக்கா.

வழக்கு நாளைத் தெரியப்படுத்து.

பேர்ணடெட் அக்கா

*

ஒக்லண்ட்
20 யூலை 2025

அன்பான அக்காவுக்கு,

கடவுள் கிருபையால் சுகம். நீங்கள் ஜேர்மனிக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்ததை ஜனுஷா சொன்னாள். கோட்டில் மூன்றாவது வரிசை வாங்கில் உங்களைக் கண்டபோது பதினொரு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை. அக்கா தலைமயிரை வெட்டிவிட்டா என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று கதைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் சொல்ல வரவில்லை.

கோட்டில் இங்கிலீசில் கதைத்தது எல்லாம் விளங்கவில்லை என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். வழக்குக்கு முன் நான் மூன்று அடி என்று சொன்னதும் சட்டத்தரணி பேனையை மூடிவிட்டார். ஜனுஷா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொலிஸ் அவளைக் கூப்பிட்டு மறுபடி வாக்குமூலம் எடுத்தார்கள், எச்சரித்து விட்டுவிட்டார்கள். பிறகு அவள் கூண்டில் ஏறி, என் கை வெந்தது, விலா உடைந்தது, தன் பல் போனது எல்லாவற்றையும் குரல் நடுங்காமல் சொன்னாள். பொய் சொல்ல வேண்டியில்லாததால்தான் குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகும் அவள் என்னோடு கதைக்கச் சில கிழமை சென்றது.

மகேசன் அண்ணை ஒற்றைக் கண்ணோடு எழும்பி, "என்ர பிள்ளை மாதிரி வைச்சிருந்தனான்" என்று அழுதார். பொய்யாக அழவில்லை, அக்கா. அவருக்கு அது உண்மையாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. நீதவான் அவருக்கும் தண்டனை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். என்னுடையது இரண்டரை வருடம். முடிந்ததும் மன்னாருக்கு ஏற்றிவிடுவார்கள். அதில் எனக்குக் கவலை இல்லை.

இங்கே குசினியில் வேலை தந்திருக்கிறார்கள். கத்தி தரமாட்டார்கள், அடுப்புப் பக்கம்தான் என் வேலை. என் சமையலைப் பார்த்து, போன கிழமை என்னைப் பொறுப்பாக விட்டார்கள். எனக்குக் கீழே ஆறு பேர். செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைக்கார மனுசன், என்னைவிட மூத்தவர், வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டம் முழுவதையும் நிலத்தில் போட்டுவிட்டார். அன்றைக்கு ஆட்கள் சாப்பிடுகிறது அவ்வளவும். அந்தச் சத்தத்துக்கு நான் திரும்பினேன். அந்த மனுசன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி இருந்துவிட்டார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். நான் கையைத் தூக்கவில்லை, அக்கா. ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பி மட்டும்தான் பார்த்தேன்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கிழங்குகளைப் பொறுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு தலையிலிருந்து ஒரு கையை எடுத்தார். மற்றக் கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுவரை நான் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி
டெஸ்மன்